இரும்புக்குப் போர்த்தும் காற்று

செனாய் தொழிற்பேட்டையில் ஆர்கன் சிலிண்டரைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மச்சானின் மூச்சு கேட்கிறது. வெல்டிங் வேலை என்னுடையது. உருகும் இரும்பை வெளிக்காற்று கடித்துவிடாமல் ஆர்கன் சுற்றி நின்று போர்த்தும். நிறமும் மணமும் அற்ற வாயு. சீறுவதால்தான் இருப்பது தெரியும்.

மச்சான் என் அக்காவின் கணவர். தினமும் எல்லைப் பாலம் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் வேலை. ஒரு மழை விடியலில், பாலத்து நெரிசலுக்கு முந்திவிட மோட்டார் சைக்கிளை விரட்டியவர், நின்றிருந்த லாரியில் மோதித் தலை உடைந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் அவருக்காக இயந்திரம் மூச்சு விட்டது.

"வேற ஒண்ணுமே இல்லையா டாக்டர்?" அக்கா விடவில்லை.

இளம் டாக்டரம்மா இரக்கப்பட்டுவிட்டார். "அடிபட்டப்பவே செத்த மூளை செல்லு போனதுதாம்மா. அப்புறம் வீக்கத்துல சாகறதத்தான் காப்பாத்தப் பாக்குறோம். செனான், ஆர்கன் மாதிரி காஸ மூச்சுல குடுத்தா அதுங்க பிழைக்குமான்னு வெளிநாட்டுல ஆராய்ச்சி நடக்குது. இன்னும் மருந்தா வரல."

நடைவழியில் அக்கா என் வேலைச் சட்டையைப் பிடித்தாள்.

"ஆர்கன்னாங்களே. நீ தினம் தொறக்குறது அதானே?"

"அது வெல்டிங் காஸுக்கா."

"பேரு ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். அத நாமளா உள்ள விட்டா ஆக்சிஜன் இல்லாம ஆளே போயிடுவாரு."

"கொஞ்சூண்டு லா. அந்த டியூப்ல."

"அக்கா..."

"இரும்புக்குக் குடுக்குறீங்க. மனுசனுக்குத் தரமாட்டீங்களா?"

மறுநாள் சிலிண்டரின் குளிர்ந்த கழுத்தைப் பிடித்தபடி நின்றேன். என்னை அறியாமல் கை அதன் கனத்தை அளந்துகொண்டிருந்தது.

கொண்டுபோகவில்லை.

மச்சான் பிழைத்தார். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, மழை வருமா என்று ரோட்டைக் கேட்கிறார். அக்கா சோறு கொண்டு வந்தால், "தேங்க்ஸ் மிஸி" என்கிறார். நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அக்கா திருத்துவதில்லை. "சாப்டுங்க" என்று தட்டை மடியில் வைக்கிறாள்.

வேலை முடிந்து நான் போகும் மாலைகளில் கேட்கிறாள்.

"இன்னைக்கும் தொறந்தியா?"

"தொறந்தேன்."

"மிச்சம் எங்க போவும்?"

"காத்துல கலந்துடும்கா."

அவள் எழுந்து, மச்சானின் பக்கத்து ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்துவைக்கிறாள்.