தூக்கம் வராமல் இருக்க ஒரு புத்தகம்

எங்கள் கம்பெனிக்குள் கைப்பை கொண்டுபோகக் கூடாது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், மாதத்தில் சில நாட்களுக்கு வேண்டியது எல்லாமே அதற்குள்தான். போனை வாசலிலேயே லாக்கரில் போட்டுவிட வேண்டும். ஒரகடத்தில் பல கம்பெனிகளில் இதுதான் வழக்கம் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துக்கொண்டதில்லை, அந்தப் பையில் புத்தகம் கொண்டுபோக ஆரம்பிக்கும் வரை.

நான் படிப்பது மாத நாவல்கள். பெட்டிக்கடையில் வார இதழ்களோடு கிளிப் மாட்டித் தொங்குமே, அந்தச் சாணித்தாள் நாவல்கள்தான். முதல் பக்கத்திலேயே ஒரு பிணம் விழும், இல்லையென்றால் ஒரு கல்யாணம் நிற்கும். இரண்டும் ஒன்றாக நடந்துவிட்டால் அன்றைக்கு மணிமங்கலத்தில் பஸ் ஏறிய எனக்கு நடுவில் படப்பை வந்ததே தெரியாது. வாய்த்துடுக்கான மருமகள் வருகிற குடும்பக் கதை என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துத் தொலைப்பேன். பயமான இடம் வந்தால் நகம் கடிப்பேன். இவ்வளவு சுகத்தை வேறு எதுவும் எனக்குக் கொடுத்ததில்லை என்று இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

அந்த நாவல்களின் அட்டைக்கும் உள்ளே இருக்கும் கதைக்கும் சம்பந்தமே இருக்காது. ஒருநாள் நான் கொண்டுபோனதன் அட்டையில் ஈரப் புடவையோடு ஒரு பெண், கையில் கத்தி. கதையில் ஈரமும் இல்லை, கத்தியும் இல்லை. ரேஷன் கடையில் வேலை பார்க்கும் ஒருத்தியின் கதை அது. ஆனால் பை கண்ணாடியாக இருக்கிறதே, எங்கள் லைன் சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிட்டது. எல்லோரும் டீக்கு நின்ற நேரத்தில் சத்தமாகவே கேட்டார்.

"இன்னாம்மா, வூட்ல கதவ சாத்திக்கினு படிக்கிறத எல்லாம் கம்பெனிக்கு எத்துகினு வர்ற?"

சிரித்தார்கள். நானும் கூடவே சிரித்தேன். டிகிரி முடித்து, லைனில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவள் நான். அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என்னைப் பார்த்து ஒரு ஆள் இப்படிக் கேட்டுவிட்டானே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் ஒரு பெரிய நாவல் இருந்தது. சென்னைப் புத்தகக் கண்காட்சியில், கூட வந்தவர்கள் எல்லாம் வாங்குகிறார்களே என்று வாங்கியது. கெட்டி அட்டை, அதன்மேல் பளபளவென்று ஒரு மேலுறை. நாலைந்து முறை எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தூங்கிப்போயிருக்கிறேன். அந்த மேலுறையைக் கழற்றினேன். மாத நாவல்கள் மூன்றை ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய அதே கனம் வந்தது. ஓரத்தைக் கத்தரித்து, மடித்து, பின் அடித்துவிட்டேன். மறுநாளிலிருந்து என் பையில் இருந்தது இலக்கியம்.

மரியாதை எப்படி வருகிறது பாருங்கள். அதே சூப்பர்வைசர் என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்த ஆரம்பித்தார். எச்.ஆர். மேடம் ஒரு மீட்டிங்கில் என்னைக் காட்டி, இந்தக் காலத்திலும் இவ்வளவு கனமான புத்தகம் படிக்கிற பெண் நம்மிடம் இருக்கிறாள் என்றார். கேன்டீன் பக்கத்துப் பலகையில் வாரம் ஒரு நல்ல நாவலைச் சிபாரிசு செய்து எழுதச் சொன்னார். சந்தோஷமாகப் பொழுது போக வேண்டும், ஜனங்கள் படிக்க ஆசைப்பட வேண்டும், அவ்வளவுதான் என்றார். எனக்குத் தெரிந்த சந்தோஷத்தை அந்தப் பலகையில் எழுத முடியுமா? இன்டர்நெட்டில் யாரோ புகழ்ந்ததைப் பார்த்து, ஆழமான படைப்பு, அவசியம் வாசிக்க வேண்டியது என்றெல்லாம் எழுதினேன். ஒரு பெண் என் பேச்சை நம்பி அதில் ஒன்றைத் தன் நாத்தனார் கல்யாணத்துக்கே பரிசாகக் கொடுத்தாள். பிறகு ஏனோ அவள் என் பக்கத்தில் உட்காருவதில்லை.

இதோடு நின்றிருந்தால் இது வெறும் வேடிக்கை. வாசலில் பெண்கள் வரிசையில் பை பார்க்கும் செக்யூரிட்டி அக்கா என்னிடம் வந்து கேட்டதில்தான் வினை வந்தது.

அந்த அக்கா கோவில்பட்டிப் பக்கம். ஊரில் தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்தே வேலை பார்த்தவர். இங்கே வந்து ஏஜென்சியில் சேர்ந்ததும் லாரிகள் நுழையும் கேட் ஒன்றில் நாள் முழுக்க நிற்க வைத்திருக்கிறார்கள். முட்டி போய்விட்டது. கெஞ்சிக் கூத்தாடித்தான் எங்கள் வாசலுக்கு மாற்றல் வாங்கியிருக்கிறார், காரணம் இங்கே ஒரு நாற்காலி உண்டு. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கூட்டம் நெரியும். நடுவில் ஈ, காக்காய் இருக்காது. பெண்களைச் சோதிக்கத் திரை போட்ட அந்தச் சின்ன அறையில் போன் கிடையாது, பேச்சுத்துணை கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை இழுத்துக்கொண்டு போகும். பேப்பர், புத்தகம் பார்த்துக்கொண்டு இருந்தால் அவர்களுடைய ஆபீசர் கண்டுகொள்ள மாட்டார். கண் மூடியிருந்தால் மட்டும் மன்னிப்பே இல்லை, அன்றைக்கே இடம் காலி. இதையெல்லாம் என் பையை உதறிப் பார்த்தபடியே அவர்தான் என்னிடம் சொன்னார்.

சொல்லிவிட்டுக் கேட்டார். "தூக்கம் வராத மாதிரி ஒரு பொஸ்தகம் சொல்லுங்க மேடம். வேற எதுவும் வேண்டாம். நீங்க பஸ்ல சிரிச்சிக்கிட்டே வாசிக்கீங்கல்லா, பஸ் வாசல்ல வந்து நிக்கும்போது நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டேதான இருக்கேன். அதத் தந்தாலும் சரிதான்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் புத்தகம் கேட்டு நான் பார்த்ததில்லை. பதிலும் என் கையிலேயே, அந்த மேலுறைக்குள்ளேயே இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் இந்த அக்கா வாசலில் எல்லோரிடமும் பேசுகிறவர். அந்த மேடம் படிப்பது நாம் பெட்டிக்கடையில் பார்க்கிறதுதானாம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் பலகை போச்சு, மரியாதை போச்சு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டு வேறு இருந்தார்கள். நாளைக்குக் கொண்டு வருகிறேன் அக்கா என்றேன்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தது அந்தப் பெரிய நாவலை. மேலுறை இல்லாததால் பழுப்புத் தாளில் அட்டை போட்டிருந்தேன். என்னை ஒவ்வொரு முறையும் தூங்க வைத்த புத்தகம் அது. தூங்கினால் இந்த இடம் போய்விடும் என்று சொன்ன பெண்ணின் கையில் அதை வைத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த சில வாரங்கள் நான் அந்தத் திரைக்குள் போகும்போதெல்லாம் அவர் என் பையைப் பார்ப்பதைவிட முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார்.

"வாசிச்சிக்கிட்டுதான் இருக்கேன் மேடம். மழையாப் பெய்யுது, ஒரு கெழவரு யோசிச்சிக்கிட்டே இருக்காரு. சிரிப்பு எத்தனாவது பக்கத்துல வரும்?"

நூறு பக்கம் தாண்ட வேண்டும் அக்கா, பொறுமை வேண்டும் என்றேன். எனக்கே அந்தக் குரல் எச்.ஆர். மேடத்தின் குரல் போலக் கேட்டது. நூறு பக்கம் தாண்டியும் மழை நிற்கவில்லை என்று வந்து சொன்னார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. நல்ல புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான், உள்ளே போகப் போகத்தான் தெரியும் என்று வேறு சொல்லி வைத்தேன். அவர் தலையை ஆட்டினார். தன்மேல்தான் குறை என்று அவர் நினைக்க ஆரம்பித்துவிட்டது எனக்குத் தெரிந்தது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. எழுதவே கூசுகிற இடம் இதுதான்.

ஒரு திங்கட்கிழமை திரையை விலக்கினால் உள்ளே வேறு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பழைய அக்கா எங்கே என்றேன். சனிக்கிழமை மத்தியானம் புத்தகத்தை மடியில் வைத்தபடி தூங்கிவிட்டதாகவும், ஆபீசர் போட்டோ எடுத்து ஏஜென்சிக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள்.

முதலில் எனக்கு வந்தது கோபம். அந்த அக்கா மேல்தான். கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ளத் தெரியாதா, முகத்தைக் கழுவக் கூடாதா என்று லைனில் நின்றபடி மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகுதான் எனக்கும் கண்ணை இழுத்தது. அப்போது அந்தக் கோபம் போய்விட்டது. போன இடத்தில் வந்து உட்கார்ந்தது அவமானம். யார் என்னைப் பார்த்தாலும் தெரிந்துவிட்டதோ என்று இருந்தது. ஆபீசர் புத்தகத்தைப் புரட்டியிருப்பாரா, முதல் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறதா என்று யோசித்தேன். அந்த அக்காவின் முட்டி அதற்கப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுத எனக்கும் ஆசைதான்.

புதிதாக வந்த பெண்ணிடம் விசாரித்தேன். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு குடோனில் போட்டிருக்கிறார்கள் என்றாள். வாராந்திர லீவில் கிளம்பிப் போனேன். பையில் ஒரு மாத நாவலை எடுத்துக்கொண்டேன், மேலுறை இல்லாமல். போய் என்ன சொல்வது என்று ஷேர் ஆட்டோவில் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் நல்லவளாகவே இருந்தேன்.

குடோன் கேட்டில் அவர் ஒரு காலை லேசாக மடித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். நாற்காலி எதுவும் கண்ணில் படவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில்தான் சங்கடம் தெரிந்தது, குற்றம் செய்தவர் அவர்தான் என்பது போல. கேட் பக்கத்துக் காவல் கூண்டுக்குள்ளிருந்து பழுப்பு அட்டை போட்ட புத்தகத்தை எடுத்து வந்து, ஆபீசர் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். கடைசி வரைக்கும் வாசித்து முடிக்க முடியவில்லை என்றார். படித்தவர்கள் ரசிக்கிறதை ரசிக்கத் தனக்குக் கொடுப்பினை இல்லை, நான் ஆசையாகக் கொடுத்ததை வீணாக்கிவிட்டதாகச் சொல்லி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "நானும் அத படிச்சி முடிக்கல அக்கா. எனக்கும் தூக்கம்தான் வந்துச்சி. நான் பஸ்ல சிரிச்சது இதப் படிச்சிட்டு" என்று மாத நாவலை நீட்டினேன். மீதியையும் சொன்னேன், மேலுறையை, சூப்பர்வைசரை, பலகையை. சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமான விஷயம் என்பது எனக்கே கேட்டது.

அவர் நாவலை வாங்கி, கேட் கம்பியில் சாய்ந்தபடி முதல் பக்கத்தைத் திருப்பினார். வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் படித்தார். பக்கத்தைப் புரட்டினார். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்ததும் விரலை அந்தப் பக்கத்தில் வைத்தபடியே நொண்டிக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்துவிட்டு வந்தார். வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்த இடத்தில் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையைக் காணவில்லை என்று ரகளை நடக்கும், பெண்ணின் அத்தை மட்டும் பந்தியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். எனக்கு அது மனப்பாடம். அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து யாரோ என்ன என்று எட்டிப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தேற்றிக்கொண்டிருப்பேன்.

"இது இருந்திருந்தா நான் தூங்கியிருக்க மாட்டேனே மேடம்" என்றார்.