செல்வராஜின் ஈரலும் சி.டி.சி. தொட்டியும்

எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் தொழிலில் கை வெளுக்கும், கண் மஞ்சளாகும். கரைப்பான் தொட்டியருகே நின்ற தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சோப்பு கேட்டவன்

செகந்திராபாத் பக்கம் குஷாய்குடாவில் எங்கள் பட்டறை. உலோகப் பாகங்களை சி.டி.சி. என்ற கரைப்பானில் முக்கிக் கழுவுவோம். சாப்பாட்டு மணி அடித்ததும் கையையும் அதே தொட்டியில் முக்குவோம். பிசுக்கு உடனே போய்விடும். அது ஈரலைத் தின்னும் விஷம் என்று துண்டறிக்கையில் படித்தவன் நான். சோப்பும் கையுறையும் கேட்டுக் கொடி பிடித்தேன். மேனேஜர் சிரித்தார்: "இரும்பையே சுத்தம் பண்ணுது, உன் கையைப் பண்ணாதாய்யா?"

குடிகாரப் பட்டம்

என் பக்கத்தில் நின்று வேலை செய்த செல்வராஜ் மௌலா அலி ரயில்வே காலனிக்காரன். அவன் கண் மஞ்சளானது, ஈரல் வீங்கியிருந்தது. குடித்துக் கெடுத்துக்கொண்டான், வேலையை விட்டு நீக்குகிறேன் என்றார் மேனேஜர். சர்ச்சில் பாதிரி ஐயர் தரும் திராட்சை ரசத்துக்கு மேல் அவன் எதையும் தொட்டதில்லை. அவன் மனைவி மேரி பட்டறை வாசலிலேயே என்னிடம் கத்தினாள்: "இவர் குடிக்கிற ஆளா இருந்தா நான் இத்தனை நாள் சும்மா விட்டிருப்பேனா அண்ணே?"

எலியும் நாங்களும்

செல்வராஜை ஒரு செகந்திராபாத் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்; கணவரின் சாஃப்ட்வேர் வேலைக்காக மதுரையிலிருந்து வந்தவர். முதல் கேள்வியே "என்ன வேலை?" என்பதுதான். பரிசோதித்ததில் அவன் வயிற்றில் ஒரு கிருமியும் இருந்தது. அந்தக் கிருமியுள்ள எலிக்கு இதே கரைப்பானைக் கொடுத்தால் ஈரல் இன்னும் மோசமாகக் கெடுகிறதாம். "அப்போ முதலாளிதான் குற்றவாளி!" என்று எழுந்தேன். "உக்காருங்க சார். அது எலியில பாத்தது, மனுஷனுக்கு இன்னும் உறுதியா தெரியாது. கிருமியை நான் பாத்துக்கறேன், தொட்டியை நீங்க பாருங்க."

கைகுலுக்கல்

கோஷத்துக்கு மேனேஜர் மசியவில்லை. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வெள்ளைச் சட்டையில் பட்டறையைப் பார்க்க வந்த அன்று, நாங்கள் யாரும் தொட்டியில் கை முக்கவில்லை. வரிசையாக நின்று, பிசுக்குக் கையோடு, மிக மரியாதையாக அவர் கையைக் குலுக்கினோம். அவர் தன் கையைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார்: "அரே பாய், ஒரு சோப்பு கூட இல்லையா இங்க?"

மஞ்சள் இறங்கியது

சோப்பு வந்தது, கையுறை வந்தது, கடைசியில் தொட்டியே போனது. குடி காரணமில்லை என்ற டாக்டர் சீட்டும் எங்கள் வாசல் தர்ணாவும் சேர்ந்து செல்வராஜின் வேலையைக் காப்பாற்றின. ஈரல் சரியாகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது மேரி அழுதாள். எனக்கும் அன்றுதான் மூச்சு சீராக வந்தது. அவன் வேலைக்குத் திரும்பிய காலையில் மேனேஜர் அவன் தோளில் தட்டினார்: "நான் அப்பவே சொன்னேன்ல, குடியை விட்டா எல்லாம் சரியாகும்னு!"

இத்தனை வருடப் போராட்டத்தில் நான் முழுசாக ஜெயித்தது ஓர் ஈரலைத்தான், அதுவும் என்னுடையதல்ல.