ஜம்புக்காயைச் சுற்றி ஒரு கோடு

சியாயி நகரத்துக் குடை ஆலையில் முப்பத்திரண்டு வருடம் தையல் கோணாமல் பார்த்துக்கொண்டதுதான் லியாவ் பாவ்-ச்சூவின் வேலை. ஒரு நூல் விலகினாலும் குடை திரும்பி வரும், வசவும் கூடவே வரும். ஓய்வு பெற்று நீர்வண்ண வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்கு ஒரே ஆசை. ஒரு படமாவது கோட்டுக்கு அடங்காமல் வரைய வேண்டும்.

சொல்வது சுலபம். ஈரத் தாளில் விட்ட நிறம் தன் இஷ்டத்துக்கு ஓடும்; பதறிக் கையை வைத்தால் சேறாகிவிடும். நாற்பது தாளைப் பாழாக்கிய பிறகு, ஒரு வியாழக்கிழமை மதியம்தான் அது வாய்த்தது. தட்டில் மணி வடிவில் சிவந்த பழமான ஜம்புக்காய் மூன்று, பக்கத்தில் ஒரு மது புட்டி. நடுக்காயின் சிவப்பு வழிந்து நிழலோடு கலந்துவிட்டது. காய் எங்கே முடிகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. பூரித்துப்போய், தூரிகை கழுவும் தண்ணீரை மாற்ற எழுந்து போனாள்.

திரும்பி வந்தால் அவள் நாற்காலியில் ஆசிரியர் ஹொங் உட்கார்ந்திருந்தார். மாணவர் படத்தை ஆசிரியர் திருத்துவது அங்கே எல்லா வகுப்பிலும் உள்ளதுதான். யார் படத்தில் அவர் தூரிகை பட்டதோ அவர் கொடுத்துவைத்தவர். மூன்று காயையும் சுற்றிக் கருநீலக் கோடு போட்டிருந்தார், பாவி மனிதர்.

"இப்பப் பாருங்கக்கா, காய் எந்திரிச்சு நிக்குது."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பாவ்-ச்சூ குனிந்து, "ரொம்ப நன்றி சார்" என்றாள். பழக்க தோஷம். அந்த நன்றியை நினைத்து நினைத்து ஒரு வாரம் பொருமினாள். கோட்டைவிட அதுதான் அதிகம் சுட்டது.

அதே படம் நகரக் கண்காட்சிக்குத் தேர்வாகி, பரிசு அட்டையும் ஒட்டப்பட்டது. திறப்பு நாளன்று வகுப்புத் தோழி லி-ஹுவா கையைப் பிடித்து இழுத்தாள். "அந்த நீலக் கோட்டு ஓரத்தத்தான்க்கா எல்லாரும் பாக்குறாங்க. என்ன கச்சிதம்."

பாவ்-ச்சூ பேனாவை எடுத்தாள். படத்தடியில் இருந்த பெயர்ச் சீட்டில் தன் பெயரை அடித்துவிட்டு, மேலே 'ஹொங்' என்று பெரிதாக எழுதினாள்.

ஆசிரியர் விழுந்தடித்து வந்தார். "என்னக்கா இது? பரிசு வாங்கின படம்."

"பரிசையும் நீங்களே வச்சிக்கங்க. ஓரம் உங்களுதுதானே."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நாலு பேரு பாக்குற இடம். கோட்டுக்குக் கீழ பூரா நெறம் ஓடிக் கெடக்கு. இதுல போயி என் பேரா? நான் போட்ட கோடு மூணு, மிச்சமெல்லாம் உங்க கை. அடுத்தவங்க வரஞ்சதுல என் பேரப் போட்டா எனக்கு மானம் போகாதா?"

"எனக்கும் அப்படித்தான் சார் போச்சு," என்றாள் பாவ்-ச்சூ.