உதடு தெரியும்படி

மயில்சாமி எனக்கு முதலில் அறிமுகமானது அவிநாசிபாளையம் பஸ் நிறுத்தத்தில். "காங்கேயம் வண்டி போயிருச்சுங்களா?" என்று, ரோட்டைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டதற்கு, "ஆமாங்க" என்றார். அடுத்த நிமிடம் அந்த வண்டியே வந்து நின்றது. அதில் முதல் ஆளாக ஏறியதும் அவர்தான்.

பொய் சொல்லவில்லை. கேள்வி காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

தறிக் குடோனில் முப்பது, நாற்பது வருசம் நின்றவர். விசைத்தறி இரைச்சலில் யார் குரலும் யாருக்கும் எட்டாது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். எதிர்த் தறி கன்னையனோடு ஊர் வம்பு முழுக்க அப்படித்தான் பேசித் தீர்த்தார். காது எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. மனைவி முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். போன வருசம் கன்னையனும் போனான். அதோடு முகம் பார்த்துப் பேச ஆள் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன் அருள்குமார் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான்.

"காலு மரத்துப்போவுதுன்னீங்களே, டாக்டர்கிட்டச் சொன்னீங்களாப்பா?"

"சாப்ட்டேன் கண்ணு. நீ சாப்ட்டியா?"

சர்க்கரைக்கு மாதாமாதம் ஆஸ்பத்திரி போவார். டாக்டர் முகக்கவசத்துக்குள்ளிருந்து ஏதோ கேட்பார். இவர் தலையாட்டுவார். அதே மாத்திரை கிடைக்கும். காது கேட்காது என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால் அப்புறம் கூட வந்தவரிடம்தான் பேசுவார்கள். இவரோடு கூட வர யார் இருக்கிறார்கள்?

வலது காலில் முள் ஏறிப் புண்ணானது. மரத்த கால், வலி தெரியவில்லை. நாற்றம் வந்தபோதுதான் பயம் பிடித்தது. இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று போனார். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி என்னவோ கேட்டார். வாய் தன்னால் "ஆமாங்க" என்றது. அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். இப்படியே வீட்டுக்குப் போனால் கால் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

வராந்தாவின் அந்தக் கோடியில் நர்ஸ் நிர்மலா நின்றிருந்தாள். தறிக்காரர் குடும்பத்தில் முதலில் படித்து வேலைக்கு வந்தவள். ஒவ்வொருவர் வாயையும் அவர் தேடித் தேடிப் பார்க்கும் அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அவள் அம்மாவுக்கும் அதே பார்வை. முகக்கவசத்தை இறக்கி, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"எந்தக் குடோனுங்கப்பா?"

மயில்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை கூட்டத்துக்கு நடுவே, கன்னையனிடம் பேசியதுபோலவே, அவரும் உதட்டை அசைத்தார்.

"அதெல்லாம் அப்புறம் அம்மிணி. மொதல்ல என்ற காலப் பாரு."

அவளே கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது.

மகன் வாங்கி அனுப்பிய காது மிஷின் பெட்டியிலேயே கிடக்கிறது. போட்டால் குடோனுக்குள் நிற்கிற மாதிரி இரைகிறதாம். நிர்மலாவுக்குக் காங்கேயத்துக்கு மாற்றலாகிவிட்டது. மயில்சாமி இப்போதும் தனியாகத்தான் இருக்கிறார். மாதம் ஒருமுறை காங்கேயம் வண்டி ஏறி, அவள் இருக்கும் ஆஸ்பத்திரியில் காலைக் காட்டிவிட்டு வருகிறார். மற்ற நாட்களில் அவர் யாரோடும் முகம் பார்த்துப் பேசுவதில்லை.