துரும்பு கிள்ளிய மாலை

கருவாட்டு வாடையும் லாரிப் புகையும் கலந்து வீசிய ஒரு காலையில், கும்மிடிப்பூண்டி ரயில் ‘ரத்து’ என்று திருவொற்றியூர் நிலையத்து ஒலிபெருக்கி சொன்னபோது எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். நான் மட்டும் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அம்மா பல வருஷம் முன்பு கோர்ட்டில் வாங்கிய ‘விவாகரத்து’க்குள் இருப்பதும் இதே ரத்துதானே! அன்றே அகராதிகளைப் புரட்டினேன். விவாகம் வடமொழி, ரத்து அரபியில் பிறந்து உருது வழியாக வந்தது, திருப்பித் தள்ளுதல் என்று பொருள். எங்கெங்கோ பிறந்த இரண்டு சொற்கள், பிரிவதைச் சொல்வதற்காகவே தமிழில் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன.

எங்கள் குப்பத்தில் அந்தச் சொல் புழங்கியதில்லை. ‘அத்துவுடுறது’ என்பார்கள், அறுத்துவிடுவது. பெரியவர்கள் முன்னிலையில் ஒரு தென்னை ஈர்க்கின் இரு முனைகளையும் புருஷனும் பெண்சாதியும் பிடித்துக்கொள்ள, நடுவில் ஒடிப்பார்கள். “துரும்பு கிள்ளியாச்சு, இனி ஒட்டாது” என்றால் ஒட்டாதுதான்.

மூன்றாம் வகுப்பு படித்தபோது, ஞாயிற்றுக்கிழமை மாலை நைனாவுக்கும் அம்மாவுக்கும் பஞ்சாயத்து என்று காதில் விழுந்தது. அன்றிலிருந்து மூலையில் கிடந்த ஈர்க்குத் துடைப்பத்தைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். ஒடிந்தால் நான் யாரோடு போவேன்? யாரும் சொல்லவில்லை, கேட்கவும் பயம். ஞாயிறன்று எங்கள் துடைப்பத்தையும் பக்கத்து வீட்டுத் துடைப்பத்தையும் தூக்கிப்போய்க் கடலோரப் பாறை இடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

“இன்னாம்மா, உன் வூட்ல ஒரு தொடப்பம் கூடவா இல்ல?” என்றார், பஞ்சாயத்துக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த தலைவர்.

“வூட்ட பெருக்கினாத்தான மாமு! அதான் அவன் பேஜாராயிட்டான்” என்று கூட்டத்தில் ஒருவர் எடுத்துவிட, எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

தலைவர் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி, கொட்டகையின் தாழ்ந்த கூரையிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். தலைக்கு மேலே முழுக்கத் தென்னங்கீற்று. அதை நான் யோசிக்கவே இல்லை.

‘டிக்’ என்றது, அவ்வளவுதான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தன் தாய்வீடு இருந்த மாத்தூருக்குக் கிளம்பினாள். நைனா என்னைப் பார்க்கவில்லை; கையில் மிஞ்சிய பாதி ஈர்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அங்கே கொட்டகை இல்லை, சிமெண்டுக் கூடம் எழும்பிவிட்டது. துரும்பு கிள்ளுவாரும் இல்லை, எல்லாம் வக்கீல் பாடு. நானோ வியாசர்பாடி முதல் வள்ளூர் வரை, பிரிவதற்கு யார் என்ன சொல் சொல்கிறார்கள் என்று கேட்டுத் திரிகிறேன். புருஷன் பெண்சாதிக்கு அத்துவிடுதல், தீர்த்துவிடுதல் என்று எத்தனையோ கிடைக்கின்றன. அப்பனையும் மகளையும் முறைப்படி அத்துவிட ஒரு சொல்லை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் வருகிற ஞாயிறு எண்ணூருக்குப் போகிறேன். நைனா அங்கேதான் இருக்கிறாராம். கதவைத் தட்டி “நைனா” என்று கூப்பிட வேண்டும். “யாரும்மா நீ?” என்று அவர் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.