பஸ்காரர் ஓட்டிய படகு

பாலத்தில் விரிசல் விழுந்த வருஷம் வரைக்கும் அவர் தண்ணீரில் கால் நனைத்தவர் இல்லை. இக்கரையில் பஸ் நிலையமும் பெரிய ஆஸ்பத்திரியும், அக்கரையில் மார்க்கெட்டும் குடியிருப்புகளும், நடுவில் ஆறு கடலோடு சேரும் அகன்ற முகத்துவாரம். அதன் மேல் கிடந்த பாலத்தில் போவதும் வருவதுமாகப் பஸ் ஓட்டியே அவருக்குத் தலை நரைத்திருந்தது. நல்ல ஓட்டுநர் என்று பெயர் எடுத்தவர். அவர் பிரேக் போட்டது கதவு திறந்த பிறகுதான் தெரியும் என்பார்கள். யாராவது முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னால் காது கேட்காதவர் போல இருப்பார். ராத்திரி சாப்பிடும்போது மட்டும் மனைவியிடம் அதை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவிடுவார்.

பாலத்தை மூடினார்கள். பழுது பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் கிடைத்தது. அதுவரை பஸ்ஸுக்குப் பதிலாகப் படகு விடுவதென்று நிர்வாகம் முடிவு செய்தது. பின்பக்கம் ஒற்றை மோட்டார் மாட்டிய, வேகமாகப் போகக்கூடிய படகுகள். ஓட்டுநர்களிடம் வேறு ஊர் டிப்போவுக்குப் போகிறீர்களா, படகு ஓட்டப் பழகுகிறீர்களா என்று கேட்டார்கள். இவர் படகு என்றார்.

"உங்களுக்கு நீச்சலே தெரியாதே" என்றாள் மனைவி.

"பஸ் ஓட்டுறவன் நடந்தா போறான்? அதே ரூட்டு, அதே ஜனங்க. கீழே ரோட்டுக்குப் பதிலாத் தண்ணி, அவ்வளவுதான்."

அவர் பஸ்ஸில் வெகுகாலம் வேலை பார்த்த கண்டக்டரம்மாவும் கூடவே வந்துவிட்டார். வாய் நீளம், மனசு சுத்தம். டிக்கெட் பையைத் தோளில் மாட்டி, அதற்கு மேல் மிதவைச் சட்டையை இறுக்கிக்கொண்டு அவர் படகில் நின்றபோது, பழைய பஸ்தான் கடலுக்கு வந்துவிட்டதோ என்றிருந்தது.

பயிற்சியில் ஸ்டீயரிங், வேகம் கூட்டும் கைப்பிடி, கரை அணைப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கைப்பிடியின் பக்கவாட்டில், கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு சின்னப் பட்டன் இருந்தது. அதற்குப் பேர் டிரிம். மேலே அமுக்கினால் பின்னால் தொங்கும் மோட்டார் வெளிப்பக்கமாகச் சாயும், படகின் மூக்கு எழும். கீழே அமுக்கினால் மோட்டார் படகை ஒட்டி உள்ளே வரும், மூக்கு தாழும். "போகப் போகத் தேவைக்கேத்த மாதிரி அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பயிற்சி அதிகாரி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

இவருக்கு அது பிடிக்கவே இல்லை. ஓடுகிற வண்டியில் இன்ஜினை ஆட்டுவதாவது. புறப்படும்போது மோட்டார் முழுக்க உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் கரை சேரும்வரை அதை அப்படியே வைத்திருந்தார்.

விளைவைப் பயணிகள் அனுபவித்தார்கள். படகு மூக்கைத் தண்ணீருக்குள் புதைத்துக்கொண்டு உழுதது. இரண்டு பக்கமும் வாரியடித்த தண்ணீர் உட்கார்ந்திருந்தவர்கள் மடியில் வந்து விழுந்தது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்து ஒரு பக்கமாகவே இழுத்தது. சாயங்காலம் அவரால் தோளைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. மற்ற படகுகளைவிட பெட்ரோல் கூடுதலாகக் குடித்தும் மற்ற படகுகளுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

தினமும் நனைந்தவர்களில் அவருடைய சம்பந்தியும் ஒருவர். அவர் கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதுகிறவர். மகளை அக்கரையில் அவர் வீட்டில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. காலைப் படகில் பெயின்ட் டப்பாக்களோடும் பிரஷ்களோடும் ஏறி, பெண் கொடுத்தவர் ஓட்டும் படகில் முன்வரிசையில்தான் உட்கார வேண்டும் என்று ஒரு மரியாதை வைத்துக்கொண்டிருந்தார். அதிகமாக நனைவது முன்வரிசைதான்.

"நனைஞ்சுட்டீங்களா சம்பந்தி?"

"சேச்சே, லேசாத்தான். காலைல முகம் கழுவுனது போதாதோன்னு நினைச்சேன், சரியாப் போச்சு."

இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். சம்பந்திகள் சிரிக்கும் சிரிப்பு அது. பல்லுக்கு மேலே போகாது. கல்யாணம் பேசிய நாளிலிருந்து அவர்கள் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருவர் நாற்காலியில் உட்காரும்வரை மற்றவர் நின்றுகொண்டே இருப்பார்.

ஒருநாள் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு அந்தப் பட்டனை மேலே அமுக்கினார். படகு சட்டென்று இலேசாயிற்று. ஸ்டீயரிங் கைக்குள் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் விரலை எடுக்க மறந்துவிட்டார். மூக்கு எழுந்து எழுந்து விழ ஆரம்பித்தது. பயணிகள் இருக்கையைவிட்டு எகிறினார்கள். பின்னால் மோட்டார் வீலென்று கத்தியது. சத்தம் ஏறியதே தவிர வேகம் இறங்கியது. மோட்டார் அளவுக்கு மேல் சாய்ந்து, அதன் விசிறி தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை அரைத்துக்கொண்டிருந்தது. பதறிப்போய் வேகத்தை ஒரேயடியாகக் குறைத்தார். படகு நின்றது, அது எழுப்பிவிட்ட அலை பின்னாலேயே வந்து உள்ளே இறங்கியது.

யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் படகுக்குத் தவளை என்று பேர் விழுந்தது. "தவளை வருது, அடுத்ததுல போயிக்கலாம்" என்று துறையில் பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு குறைந்தது. வேறு டிப்போவுக்கு எழுதிப் போட்டுவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார்.

கண்டக்டரம்மா விடவில்லை. "டிரைவர், நீங்க அந்தப் பட்டனைப் பார்த்துப் பயப்படுறீங்க. பயந்துகிட்டே இருந்தா ஒண்ணு அமுக்காமலே இருப்பீங்க, இல்லேன்னா ஒரேயடியா அமுக்குவீங்க. மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்துல வெறும் படகை எடுங்க. நானும் வரேன்."

எடுத்தார்கள். தொட்டுவிட்டு விட வேண்டும், படகு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு மறுபடி தொட வேண்டும். அப்படிப் பல மத்தியானங்கள் போயின. புறப்படும்போது மோட்டார் உள்ளே இருந்தால் மூக்கு வானம் பார்க்காமல் படகு சீக்கிரம் தண்ணீர் மேல் ஏறிவிடுகிறது. ஏறியபின் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டால் ஓர் இடத்தில் ஸ்டீயரிங் இழுப்பது நிற்கிறது. மோட்டார் சத்தம் மூச்சு விட்டாற்போலத் தளர்கிறது. அதற்கு மேல் போனால் தவளை. தவளை தலைகாட்டினால் ஒரு தொடு உள்ளே. திரும்பும்போதும் உள்ளே. எதிர் அலையில் மூக்கு தாழ்ந்து வெட்டிக்கொண்டு போக வேண்டும். அலை பின்னாலிருந்து தள்ளும்போது மூக்கு தூக்கலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முன்னால் போகும் அலையில் போய்க் குத்திக்கொள்ளும்.

பட்டன் மட்டும் போதாது என்பதைக் கண்டுபிடித்தது கண்டக்டரம்மா. ஜனங்கள் எல்லோரும் பின்னால் குவிந்துகொண்டால் எப்படி அமுக்கினாலும் மூக்கு ஆடியது. அவர் பஸ்ஸில் ஆயுள் முழுக்கக் கத்தியதைப் படகிலும் கத்த ஆரம்பித்தார்.

"முன்னாடி போங்க, முன்னாடி போங்க. உள்ள எவ்வளவு இடம் கிடக்கு."

"இது என்ன பஸ்ஸாம்மா?" என்றார் ஒரு வாத்தியார்.

"பஸ்ஸா இருந்தா நீங்க கேட்கவே மாட்டீங்க சார். இங்க கேட்கலேன்னா நனைவீங்க."

ஜனங்கள் கேட்டார்கள். மடி உலர்ந்தே அக்கரை சேர்ந்தது. சம்பந்தி முன்வரிசையில் பேப்பர் படிக்கத் தொடங்கினார். தவளை என்ற பேர் மட்டும் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த விபத்து நடந்தது. சம்பந்தி அக்கரை மார்க்கெட்டில் ஒரு மருந்துக்கடைப் பலகைக்கு எழுதிக்கொண்டிருந்தபோது ஏணி வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. உள்ளூர் டாக்டர் வலிக்கு ஊசி போட்டு, பலகையோடு சேர்த்துக் கட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். சுற்றுவழியில் ரோடு முழுக்கப் பள்ளம். "அசையக் கூடாது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மகள் துறைக்கு வந்தபோது பஸ்காரர் அக்கரையில்தான் படகைக் கட்டியிருந்தார்.

"அப்பா, மாமாவை உங்க படகுலதான் கொண்டுபோகணும்."

அவர் தண்ணீரைப் பார்த்தார். கடலுக்கு இறங்கும் நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அலைகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் எழுந்தன. இருப்பதிலேயே மோசமான தண்ணீர் அதுதான்.

ஸ்ட்ரெச்சரை மூக்குப் பக்கம் வைக்க வந்தவர்களைத் தடுத்து, ஆட்டம் குறைவான பின்பாதியில், தன் காலடியில் வைக்கச் சொன்னார். படகைக் காலி செய்யலாமா என்று துறைக்காரர் கேட்டார்.

"வேண்டாம். வெறும் படகு துள்ளும். வெயிட் வேணும்" என்றார்.

கண்டக்டரம்மா துறையில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கு ஆளு. கனமா உட்காரத் தெரிஞ்சவங்க வாங்க. இன்னிக்கு நனைவீங்க, முன்னாடியே சொல்லிட்டேன்."

வாத்தியார் முதலில் ஏறினார். பின்னால் மீன்கூடைக்காரி ஒருத்தி, முடிதிருத்துபவர், இரண்டு கொத்தனார்கள். காலி இருக்கை மிச்சம் இல்லாமல் நிறைந்தது. கண்டக்டரம்மா ஒவ்வொருவராகக் கை காட்டி உட்கார வைத்தார். யாரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை.

மோட்டாரை உள்ளே வைத்துப் புறப்பட்டார். கைப்பிடியை அவசரப்படாமல் தள்ளினார். படகு மேலே ஏறியதும் ஒரு தொடு வெளியே. நடு ஆற்றில் எதிர் அலை பிடித்துக்கொண்டது. ஒரு தொடு உள்ளே. மூக்கு தாழ்ந்து அலையைக் கிழித்தது, முன்வரிசை நனைந்தது. பின்னால் ஸ்ட்ரெச்சரில் அதிர்வு மட்டும் வந்தது, அடி வரவில்லை. இன்னும் வேகத்தைக் குறைத்தால் படகு தண்ணீரில் அமிழ்ந்து புரளும், கூட்டினால் அறையும். இரண்டுக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் அவர் படகைப் பிடித்து வைத்திருந்தார். மகள் மாமனாரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மணல் ஏற்றிய படகு ஒன்று குறுக்கே போயிருந்தது. அதன் அலை பக்கவாட்டில் வருவதை அவர் தாமதமாகத்தான் பார்த்தார். மூக்கைத் திருப்பினார், முழுக்கத் திருப்ப முடியவில்லை. படகு ஒருமுறை எழுந்து தொப்பென்று விழுந்தது.

"டேய்! கண்ணு தெரியலையாடா உனக்கு? மெதுவாப் போடா!" என்று ஸ்ட்ரெச்சரிலிருந்து சத்தம் வந்தது.

மகள் முகம் வெளிறியது. கண்டக்டரம்மா கடலில் எதையோ தேடுவதுபோல அந்தப் பக்கம் பார்த்தார்.

"சரிடா, கத்தாதே. இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார் பஸ்காரர். விரல் பட்டனிலேயே இருந்தது.

இக்கரைத் திருப்பத்துக்குப் பிறகு அலை பின்னாலிருந்து வந்தது. மூக்கைத் தூக்கிவிட்டார். துறையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. ஸ்ட்ரெச்சர் இறங்கிய பிறகு அவர் தன் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்த்திருந்தது. சொட்டச் சொட்ட நனைந்த வாத்தியார் இறங்கும்போது ஒருகணம் நின்று, அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆபரேஷன் நடந்தது. கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. ஏணி ஏறுவது நின்றுபோய், வீட்டில் உட்கார்ந்து சின்னப் பலகைகள் மட்டும் எழுதினார் சம்பந்தி. அதில் அவருக்கு வருத்தம் உண்டு, யாரிடமும் சொல்வதில்லை.

பஸ்காரர் ஆஸ்பத்திரியில் முதல் தடவை பார்க்கப் போனபோது சம்பந்தி கூசிக்கொண்டு, "வலியில ஏதோ வாய் தவறிப் பேசிட்டேன் சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"நானும்தான் சொன்னேன். அதை வாபஸ் வாங்கிக்கவா?"

சம்பந்தி கொஞ்சம் யோசித்தார். "வேணாம். உட்காருப்பா" என்றார்.

அதிலிருந்து இரண்டு பேரும் வா, போ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு வீட்டுப் பெண்களும் முதலில் காதைப் பொத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. போகப் போகப் பழகிவிட்டது.

பாலம் ஒருவழியாகத் திறந்தது. மற்ற படகுகளை ஏலம் விட்டார்கள். பாலத்து நெரிசலில் சிக்காமல் அக்கரை நோயாளிகளைக் கொண்டுவர ஒன்றை மட்டும் ஆஸ்பத்திரி கேட்டு வாங்கிக்கொண்டது, அதற்கு அவரையும் கேட்டது. கண்டக்டரம்மா பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். பஸ்காரர் ஓய்வு பெறும்வரை அந்தப் படகில்தான் இருந்தார். நீச்சல் மட்டும் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. லீவு நாட்களில் சம்பந்தி தடியை ஊன்றிக்கொண்டு துறைக்கு வருவார். இருவரும் படகின் பின்பக்கம் உட்கார்ந்து, பிள்ளைகள் வீட்டு நடப்பில் ஆரம்பித்து ஊர் வம்புவரை பேசிவிட்டு, வெயில் ஏறியதும் எழுந்து போவார்கள்.