மூக்காயி பேசி முடித்த வேன்

வாகனம் விற்கிற இடத்துக்குள் நுழையுமுன் மூக்காயி வெற்றிலையைத் துப்பிவிடுவாள். வாயைக் கொப்பளித்து, முந்தானையால் துடைத்து, கொசுவத்தை ஒரு தட்டுத் தட்டி நேராக்கிய பிறகுதான் உள்ளே கால் வைப்பாள். பெண் கேட்டுப் போகிற வீட்டிலும் அவளுக்கு இதே ஒழுங்குதான். முப்பது வருடமாகக் கல்யாணம் பேசுகிறவளுக்கு, வேன் பேசப் போனால் மட்டும் வேறு பழக்கம் எங்கிருந்து வரும்?

பலாங்கொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளில், அவள் காலடி படாத லயம் கிடையாது. வாகன வியாபாரத்துக்குள் அவளை இழுத்துவிட்டது ஒரு மாப்பிள்ளைப் பையன். த்ரீவீல் ஆட்டோ வாங்கித் தந்தால்தான் தாலி கட்டுவேன் என்று அவன் பிடிவாதமாக நின்றான். பெண்ணின் தகப்பன் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கத் தெரியாதவர். மூக்காயியே டவுனுக்குப் போய்ப் பேசி, அவர் நினைத்ததை விடக் குறைந்த விலைக்கு முடித்துக்கொடுத்தாள். கதை லயத்துக்கு லயம் ஓடியது. அன்றிலிருந்து மோட்டார் சைக்கிள் வாங்கப் போனாலும் சரி, வேன் வாங்கப் போனாலும் சரி, அவளைக் கூட்டிக்கொள்ளாமல் யாரும் பஸ் ஏறுவதில்லை.

அவளுக்கு டீசலும் தெரியாது, பெட்ரோலும் தெரியாது. இன்ஜினைப் பார்க்க மெக்கானிக் இருக்கிறான், அது அவன் பாடு. இவள் பார்ப்பது ஆளை.

வாங்கப் போகிற ஆம்பிளைகள் எல்லோருக்கும் ஒரே வித்தைதான் தெரியும். டயரை எட்டி உதைப்பார்கள். கதவைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். பெயிண்ட் சரியில்லை, சீட் கிழிந்திருக்கிறது, சத்தம் ஒரு மாதிரி இருக்கிறது என்று அடுக்குவார்கள். மூக்காயிக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. "பொண்ணப் பெத்தவன் மூஞ்சிக்கு நேரா பொண்ணு கறுப்புன்னு சொல்லிப்பாரு, எறங்கியா வருவான்? கதவத்தான் சாத்துவான்" என்பாள்.

அதனால் அவள் பொருளைப் புகழ்வாள், அதுவும் சும்மா இல்லை, விற்கிறவனே கூசிப்போகிற அளவுக்கு. குறை முழுவதையும் தன் பக்கத்தில் போட்டுக்கொள்வாள். கூட வந்தவனுக்குக் கைவசம் உள்ள காசு போதாது, வீட்டுக் கூரை ஒழுகுகிறது, ஆளுக்குச் சாமர்த்தியம் மட்டு என்று வரிசையாகச் சொல்லுவாள். பக்கத்தில் நிற்கிறவன் நெளிவான், நெளியட்டும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்கிறார்கள்; இவள் பொய்யே சொல்ல மாட்டாள். உண்மையில் பாதியைச் சொல்லிவிட்டு, மீதியை எதிராளி கேட்கும்வரை வாய்க்குள்ளேயே வைத்திருப்பாள்.

இந்தப் பழக்கத்துக்கு வேர் வேறெங்கோ இருக்கிறது. இளவயதில் அவளை யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வருடம் திரும்புவதற்குள் புருஷன் வீட்டார் அவளைத் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்று ஒரு ஆள் கேட்கவில்லை. இவளிடம் என்ன குறை என்றுதான் தோட்டமே கேட்டது. தெரிந்தால்தானே சொல்வாள். இன்றைக்கும் அவள் பேசி முடித்த கல்யாணங்களில் கெட்டிமேளம் கொட்டும்போது அவள் சமையல்கட்டில் நிற்பாள். போகச் சொல்வாரும் இல்லை, வரச் சொல்வாரும் இல்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருடக் கடைசியில் யோகராஜ் அவளைக் கூப்பிட்டான். தோட்டத்து லொறி ஓட்டியவன். வேலை போய் மாதக்கணக்காகிறது. அவன் பெண்சாதி விஜயகலா குவைத்தில் யாரோ வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள். ஒப்பந்தம் முடிந்து தை பிறக்க வரப்போகிறாள். தோட்டத்துப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்க அவனுக்கு ஒரு வேன் இருந்தால் போதும், அவள் திரும்பிப் போகத் தேவையில்லை. இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டியதுதான். மகள் தாயைப் போட்டோவில் பார்த்தே அம்மா என்று சொல்லப் பழகியிருந்தாள்.

பஸ் ரோட்டில், பழைய வாகனம் விற்கிற முக்தார் முதலாளியின் கார் சேல். தொப்பியும் வெள்ளைச் சாரமுமாக, கோபமே வராத மனுஷன். ஓரத்தில் ஒரு வெள்ளை லைட் ஏஸ் வேன் நின்றது. மெக்கானிக் முந்தின நாளே பார்த்து நல்ல வண்டி என்று சொல்லிவிட்டான். முதலாளி கேட்டது ஐந்தரை லட்சம். வேலை போனபோது யோகராஜுக்குக் கிடைத்த சேமலாபக் காசும் குவைத் காசும் சேர்ந்து நாலு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் ஒரு சதம் கிடையாது.

"நாளைக்கு எம்பிலிப்பிட்டியிலருந்து ஆள் வாராங்கம்மா. அஞ்சரைக்குக் கீழ ஏலாது" என்றார் முக்தார்.

"வேனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மொதலாளி. ஆறு லட்சம் கேட்டாலும் தகும். கொறையெல்லாம் எங்க பக்கந்தான்" என்று தொடங்கினாள் மூக்காயி.

அப்புறம் அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். வேலை போன கதை, குவைத் கதை, போட்டோவைப் பார்த்து அம்மா என்கிற பிள்ளையின் கதை. யோகராஜ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்; அது நடிப்பு இல்லை. இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. முக்தார் தாடியைத் தடவினார், இறங்கினார், இன்னும் கொஞ்சம் இறங்கினார். ஐந்து பத்துக்கு வந்து கல்லாக நின்றுவிட்டார்.

மூக்காயி தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். எந்தப் பெண் வீட்டிலும் அவள் சுற்றி வளைத்துக் கேட்கிற கேள்விதான் அது. "முந்தி வச்சிருந்தவங்க ஏன் வேணாம்னாங்க?"

முக்தார் மறைக்கவில்லை. "லீசிங்காரன் சீஸ் பண்ணின வண்டிதான். வச்சிருந்தவருக்குக் காசு கட்ட ஏலாமப் போச்சி. வண்டியில ஒரு குத்தமும் இல்லம்மா."

மூக்காயி திரும்பி அந்த வேனைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அதை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை. குத்தமில்லை என்கிற அந்த ஒரு வார்த்தையை, அவள் திரும்பி வந்து நின்ற அன்றைக்கு அவளுக்காகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

யோகராஜ் அவள் காதருகே குனிந்தான். சீஸ் பண்ணின வண்டி என்பதை வைத்தே இன்னும் குறைக்கலாம் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. பறிகொடுத்தவன் வயிறெரிந்திருப்பான், அந்தச் சாபம் வண்டியோடு வரும் என்று தோட்டத்தில் பயப்படாத ஆள் கிடையாது. மூக்காயிக்கும் அது தெரியும். இத்தனை பேசியும் கிடைக்காத முப்பதாயிரம் அந்த ஒரு வார்த்தையில் கிடைக்கும். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பேச்சு நின்றது. முக்தார் மேசையில் இருந்த சாவியை எடுத்து, லாச்சியை இழுத்து அதற்குள் போடப் போனார். யோகராஜுக்குப் பொறுக்கவில்லை.

"சீஸ் பண்ணுன வண்டி மொதலாளி. எவன் வயித்தெரிச்சலோ. ராசியில்லாதத யாரு வாங்குவா?"

முக்தாரின் முகம் சுருங்கியது. இதற்கு முன் வந்தவர்களும் இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போயிருக்கிறார்கள். எம்பிலிப்பிட்டி ஆட்கள் அதற்குப் பிறகு பேச்சில் வரவே இல்லை. கையிலிருந்த சாவியைத் திரும்ப மேசையில் வைத்தவர், "சரி, நாலு எண்பதுக்கு எடுங்க" என்றார்.

மூக்காயி அதிலும் ஐயாயிரத்தை, வண்டிக்கு டீசல் அடிக்க எண்ணெய்க் காசு என்று கழித்தாள். இறங்கி வந்த விலையை வேண்டாம் என்று சொல்ல அவள் என்ன மடச்சியா? ஆனால் அதற்குப் பிறகு கையெழுத்து வைத்து முடிகிறவரை அந்த வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோகராஜ் இரண்டு தடவை அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் கண்டுகொள்ளவில்லை.

சாவியை வாங்கிக்கொண்டு வேனிடம் போனவன் கதவைத் தொடாமல் நின்றுவிட்டான். பேசும்போது வாயில் வந்தது இப்போது மனதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை பூசாரியைக் கூட்டி வந்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து எடுத்துப் போகலாமே, அதுவரை இங்கேயே நிற்கட்டுமே என்றான். விஜயகலா விமானம் ஏறுகிற நேரத்தில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடக் கூடாதே என்றும் சொன்னான். முக்தார் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்களே சொல்லுங்க அத்தை. யாரோ வேணாம்னு விட்டது. இதுல மொதல்ல யாரு ஏறுவா?"

மூக்காயி வேனைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். முன்கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்து ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.